ஐந்தரை முதல் ஏழே கால் வரை

எதிர்வீட்டு வாசலில் காலணிகள் கிடக்கிற கிடப்பைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பையன்கள் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்துக் கறுப்புக் காலணி மூன்று ஜோடி. அடியில் குமிழ் வைத்த பந்துக் காலணி இரண்டு ஜோடி. ஒன்றில் நேற்றைய சேறு இன்னும் காயவில்லை. ஜோடி பிரிந்த சிலிப்பர் ஒன்று கால்வாய் ஓரத்தில். சுவரில் சாய்ந்தபடி ஒரு சிலம்பக் கம்பு. பன்னிரண்டு, ஒன்பது, ஏழு வயதில் மூன்று ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு அது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் என் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அக்கா, அஞ்சு நிமிஷம் இங்க உட்காந்துட்டுப் போறேன். அங்க ஒரே சத்தம்” என்றாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்தேன். கிளாஸைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: “நீங்களும் ரெண்டு பையனை வளர்த்தீங்கதானே. எப்படிக்கா முடிஞ்சது? எனக்கு மூச்சு விட நேரமில்ல.”

அவள் கேட்டதற்கு ஒரு வாய்த் தேநீரில் பதில் சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் பேசினோம். நாங்கள் இருக்கிற செமினியில் மட்டுமல்ல, ரவாங், கிள்ளான், பூச்சோங் என்று எங்கே தாமான் வீடுகளில் பையன்கள் வளர்கிறார்களோ அங்கெல்லாம் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் நாள் அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்கினேன். பெரியவனும் நடுவிலவனும் சோபாவில் கட்டிப் புரள்கிறார்கள் என்று அவளுக்குக் கவலை. “கொஞ்சம் காது கொடுத்துக் கேளும்மா” என்றேன். சிரிப்பும் கூச்சலும் கலந்து வந்தது. பையன்கள் மல்லுக்கட்டுவது வேறு, சண்டை போடுவது வேறு. மல்லுக்கட்டில் முகம் சிரித்திருக்கும். இப்போது கீழே கிடக்கிறவன் அடுத்த நிமிடம் மேலே இருப்பான். பெரியவன் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பான். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். சண்டையில் முகம் இறுகிவிடும், ஒருவனே மேலே இருப்பான், முடிந்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். முதல் வகையில் பிள்ளை தன் பலத்தை அளக்கவும், தம்பிக்கு வலிக்கும் முன் கையைத் தளர்த்தவும் கற்றுக்கொள்கிறான். அதை நிறுத்தக் கூடாது. கண்ணாடி மேசையைத் தள்ளி வைத்து, பழைய மெத்தை ஒன்றைத் தரையில் போட்டுவிட்டால் போதும். இரண்டாவது வகை வந்தால் உடனே உள்ளே போய்ப் பிரித்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் காதுக்குப் பழகிவிட்டால் தாய்க்குப் பாதிக் களைப்பு குறையும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஓட வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வார அட்டவணையை ஒப்பித்தாள். திங்கள் பந்துப் பயிற்சி, செவ்வாய் டியூஷன், புதன் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை, வியாழன் சிலம்பம், வெள்ளி கோயிலில் தேவார வகுப்பு, சனி ஃபுட்சல், ஞாயிறு நீச்சல். இதோடு ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் நமக்கு எப்படி என்று தெரியும். பொங்கல், தைப்பூசம், சீனப் பெருநாள் விடுமுறை, அதை ஒட்டி இப்போதெல்லாம் நோன்பு மாதமும் ஹரி ராயாவும், பங்குனி உத்திரம், சித்திரைப் புத்தாண்டு. கோவிட் காலத்தில் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டு 2026இல் மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆகவே இல்ல விளையாட்டுப் போட்டி, குறுக்கோட்டம், மாவட்ட அளவிலான பந்துப் போட்டி எல்லாம் இந்த மாதங்களில்தான் நெருக்குகின்றன. 2011இல் கல்வி அமைச்சு ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நல்ல கொள்கை. ஆனால் நம் வீடுகளில் அது ‘ஒரு மாணவர், நான்கு விளையாட்டு’ என்று ஆகிவிட்டது. குளிர்நாடுகளில் வசந்தம் வந்ததும் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். இங்கே பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஓடத் தயார். நாள்தான் இடம் தருவதில்லை.

ஏன் தருவதில்லை? கடிகாரத்திலிருந்து சொல்கிறேன் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

உச்சிப்பொழுது என்றால் பன்னிரண்டு மணி என்று சொல்லி வளர்ந்தோம். மார்ச் கடைசியில் செமினியில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.18க்கு. நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு பிலிப்பைன்ஸ் பக்கம் ஓடுகிறது. நாமோ 102 பாகைக்கும் சற்று மேற்கே இருக்கிறோம். 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்குத் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, அதையே நள்ளிரவு 12 ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்பது காரணம். அப்போது எனக்குப் பத்து வயது, தோட்டத்து லயத்தில் இருந்தோம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டில் எழுந்து போகிற அப்பா, “அரை மணித் தூக்கம் போச்சு” என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அரை மணியை நம் பிள்ளைகளும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மார்ச் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது 7.15 வாக்கில். பள்ளி 7.30க்கு. அப்படியானால் பையன் 5.45க்கு, நல்ல இருட்டில், எழுந்தாக வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். குறைந்தபட்சம் 9 என்று வைத்தாலும் இரவு 8.45க்குக் கண் மூட வேண்டும். ஆனால் சூரியன் மறைவதே 7.20க்கு. வெளிச்சம் இருக்கும்வரை பிள்ளையின் உடம்பு இரவு வந்ததாக ஒப்புக்கொள்ளாது. ஓடியாடிய சூடு தணிய, குளிக்க, சாப்பிட, வீட்டுப்பாடம் பார்க்க மிஞ்சுவது ஒன்றரை மணிக்கும் குறைவு. எட்டு மணிக்கு ஃபுட்சல் ஆட்டம் வைத்தால் அந்தப் பிள்ளை பத்தரைக்கு முன் தூங்க மாட்டான். மறுநாள் வகுப்பில் அவன் பரபரவென்று நிலைகொள்ளாமல் இருப்பான். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்துவிடுகிறோம். சிறு பையன்களில் பலருக்கு அது ஆட்டமாகத்தான் வெளிவரும். “இவ்வளவு ஆடியும் அடங்கலையே” என்று இன்னொரு வகுப்பில் சேர்த்துவிடுகிறோம்.

அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். நடுவிலவன் அப்படித்தான் என்றாள்.

சரி, பள்ளி விட்டதும் ஆட விடலாமே என்றால், வெயில். உச்சி 1.18க்கு என்றால் மூன்று மணி என்பது உண்மையில் உச்சி கழிந்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான். நிலம் அப்போதுதான் முழுச் சூட்டில் இருக்கும். நம் வானிலை ஆய்வுத் துறை, பகலின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை. எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் உடம்புக்குத் தோல்பரப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். வெளிச்சூட்டை விரைவாக உள்ளே இழுக்கும், வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவு. ஆட்டத்தில் மூழ்கிய பையனுக்குத் தாகம் தெரியாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்காரனுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மில்லி, அதாவது அரைக் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ், வெறும் தண்ணீர் போதும். ஐஸ் போட்ட மைலோவும் சிராப்பும் வீட்டுக்கு வந்த பிறகு இருக்கட்டும்.

வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு வெளியே போகலாம் என்றால், இடி. இந்த மாதங்களில் செமினிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், நாலு மணிக்கு புரோகா மலைப்பக்கம் கறுக்கும். வடகிழக்குப் பருவக்காற்று மார்ச்சில் ஓய்ந்துவிடுகிறது. தென்மேற்கு வர மே கடைசி ஆகும். இடைப்பட்ட வாரங்களில் மேகத்தை அடித்துக்கொண்டு போகப் பலமான காற்று இல்லை. சூரியனோ நேர் தலைக்கு மேல். மார்ச் 28ஐ ஒட்டி மத்தியானம் 1.18க்குத் திடலில் ஒரு கம்பை நட்டால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். பையன்களோடு செய்து பாருங்கள், சிலம்பக் கம்பே போதும். இப்படிக் காய்ந்த நிலத்தின் மேல் காற்று சூடாகி எழுகிறது; மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக் கடல்காற்று உள்ளே வருகிறது; கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்து மேலே தூக்குகிறது. எழுந்த ஈரம் கோபுரம் கோபுரமாய் மேகம் கட்டி, பிற்பகலிலோ சாயங்காலத்திலோ இடியோடு கொட்டுகிறது. பிள்ளைகள் திடலுக்குப் போகிற அதே நேரம்.

மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. மின்னலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. என் பையன்களுக்கு ஆறு வயதிலேயே எண்ணக் கற்றுக் கொடுத்தேன். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண வேண்டும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். பதினெட்டில் இடி கேட்டால் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. முப்பதை எட்டும் முன்பே இடி கேட்டால், அதாவது 10 கிலோமீட்டருக்குள் என்றால், பந்தை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். ‘உள்ளே’ என்பது சுவர் வைத்த கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். மரத்தடி கூடாது. தாமான் திடலில் நான்கு தூண் மேல் கூரை போட்டு வைத்திருக்கிறார்களே, அதுவும் கூடாது. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது. தலைக்கு மேல் மழை இல்லையே என்று ஏமாறக் கூடாது. மேகத்தை விட்டு வெகுதூரம் தள்ளியும் மின்னல் விழும்.

இன்னொன்றும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டு மணி நேரத்திலும். டிங்கி நம் சிலாங்கூரில்தான் ஆண்டுதோறும் அதிகம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கி வாசலைச் சுற்றி வர வேண்டும். பையன்கள் இருக்கிற வீட்டில் பூச்சட்டியை மட்டும் பார்த்தால் போதாது. மழையில் விட்ட பந்துக் காலணி, பாதி வெட்டிய போத்தல், மீன் பிடித்து வந்த வாளி, சைக்கிள் டயர் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். ஆடப் போகும்போது முழங்கால் வரை காலுறை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமோல் மட்டும். ஐபுபுரூஃபெனும் ஆஸ்பிரினும் டிங்கியில் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் தொடக்கூடாது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன்: “இந்த ஐந்தரை முதல் ஏழே கால் வரை நீ எங்க இருக்க?” அவள் சற்று நேரம் பேசவில்லை. காஜாங் சாலையில், காரில், என்றாள். வேலை முடிந்து வந்து பெரியவனை ஏற்றிக்கொண்டு பயிற்சிக்கு ஓட்டி, இறக்கிவிட்டு, சின்னவனை வேறு இடத்தில் எடுத்து, நெரிசலில் நின்று. மூன்று பையன்களும் அந்த நேரத்தின் பாதியைக் கார் இருக்கையில் வார்ப்பட்டை போட்டுக்கொண்டு கழிக்கிறார்கள். வெளிச்சமும் தணிந்த வெயிலும் ஒன்றாகக் கிடைக்கிற ஒரே ஒன்றே முக்கால் மணி நேரம் அது.

இங்கேதான் எனக்குத் தோட்டத்து ஞாபகம் வருகிறது. அந்த வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்ல மாட்டேன். பால்மரம் சீவி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கை காய்த்துப் போயிருந்தது, சம்பளம் கடைக்காரரிடமே போய்ச் சேர்ந்தது. ஆனால் லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் திடல் இருந்தது. கதவைத் திறந்தால் திடல். வெயில் தாழ்ந்ததும் பெரியவர்கள் பந்து உதைப்பார்கள், ஓரத்தில் நாங்கள். யாரும் யாரையும் எங்கேயும் ஏற்றிப் போகவில்லை. முப்பது பிள்ளைகளை, திண்ணையில் வெற்றிலை இடிக்கிற நான்கு கிழவிகள் பார்த்துக்கொண்டார்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்ற டாக்டர் மணி ஜெகதீசனையும், கோல் கம்பத்துக்கு நடுவே காவல் நின்ற ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தையும் பற்றி அந்தத் திடலில்தான் கேள்விப்பட்டேன். பிறகு செமினியைச் சுற்றிய பால்மரக் காடுகள் போய்த் தாமான்கள் வந்தன. 2005இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் அமைத்தது, அதன் பின் வீடுகள் மேலும் பெருகின. வீடு கிடைத்தது, குழாயில் தண்ணீர் கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். திண்ணை போய்விட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களும் போய்விட்டன.

திடல் போய்விடவில்லை என்பதைத்தான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். குடியிருப்புத் திட்டங்களில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் திட்ட வழிகாட்டி. எங்கள் தாமானிலும் இரண்டு தெரு தள்ளி ஒரு திடல் இருக்கிறது. புல் வெட்டுகிறார்கள், கோல் கம்பம் ஒன்று நிற்கிறது. ஆனால் சாயங்காலம் ஐந்து பிள்ளைகள் கூட இல்லை. மோட்டார் சைக்கிள் பயம், நாய் பயம், பிள்ளை பிடிப்பவர் பயம். நியாயமான பயங்கள்தான். அதனால் இருநூறு அடி தூரத்துத் திடலை விட்டுவிட்டு எட்டுக் கிலோமீட்டர் தூரத்து ஃபுட்சல் கூடத்துக்குக் காசு கட்டி ஓட்டுகிறோம். அவளுடைய களைப்பு பையன்களால் வந்ததில்லை. அந்த எட்டுக் கிலோமீட்டரால் வந்தது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை வாரத்தைச் சராசரி பார்த்தால் நாளுக்கு 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். இடி இடித்த செவ்வாய்க்கிழமை வீட்டில் கிடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, சனிக்கிழமை ஈடாகிவிடும். பயிற்சியாளர் வேண்டும், சீருடை வேண்டும் என்றும் அதில் இல்லை. துரத்திப் பிடிப்பதும் கணக்கில் சேரும்.

அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பெரியவனுக்குப் பந்து உயிர். அவன் பயிற்சி இருக்கட்டும், திங்கட்கிழமை மட்டும். நடுவிலவனுக்குச் சிலம்பம். சின்னவனுக்கு எதுவும் வேண்டாம், அவன் ஆடட்டும். சனிக்கிழமை ஃபுட்சலையும் ஞாயிறு நீச்சலையும் நிறுத்தினாள். மீதி நாள்களுக்கு எங்கள் தெருவில் நான்கு வீடுகள் முறை போட்டுக்கொண்டோம். செவ்வாயும் வியாழனும் நான். புதன் மூலை வீட்டுப் பாட்டி, மடக்கு நாற்காலியோடு. வெள்ளி, வங்கியில் வேலை பார்க்கிற மலாய்க்காரத் தம்பி. அவருக்கும் இரண்டு பையன்கள். சனி, ஞாயிறு அவள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, விசில் ஊதுவதில்லை. உட்கார்ந்திருப்போம், எண்ணுவோம், தண்ணீர் குடிக்கச் சொல்வோம். பிள்ளைகளே அணி பிரித்து, சட்டம் போட்டு, சட்டத்தை மீறி, தகராறு செய்து, மறுபடி ஆடுகிறார்கள்.

மூன்றாவது வாரம் நடுவிலவன் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தான். விழவில்லை, இடிக்கவில்லை, வீக்கமும் இல்லை. அவள் பதறிவிட்டாள். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஓடியாடும் பையன்களுக்கு இது சாதாரணமாக வருவது. குதிகால் எலும்பின் பின்பக்கம் ஒரு வளர்தட்டு இருக்கிறது. எலும்பு வேகமாக நீளும்போது கெண்டைக்காலின் தசைநார் இழுபட்டு அந்த இடத்தை வலிக்கச் செய்யும். மெல்லிய அடித்தோல் வைத்த பந்துக் காலணி அதைக் கூட்டும். இருபுறமும் விரலால் அழுத்தினால் ‘ஆ’ என்பான். என் மூத்தவனுக்கு வந்தபோது தெரியாமல் போட்டு உருவிவிட்டு இன்னும் கூட்டிவிட்டேன். ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் துணி வைத்து, காலணிக்குள் மெத்தென்ற குதிகால் திண்டு போட்டு, கெண்டைக்காலை மெல்ல நீட்டிப் பழக்கினால் தணியும். வளர்தட்டு மூடும் வயதில் தானே போய்விடும். சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, இரவில் வலித்து எழுந்தாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அவனை இரண்டு வாரம் ஓட விடவில்லை. பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மின்னலுக்கு எண்ணுகிற வேலையைக் கொடுத்தோம். மிகக் கண்டிப்பாகச் செய்தான். இருபத்தேழில் இடி கேட்டதும் பதினோரு பையன்களையும் கைதட்டி விரட்டி மூலை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தான்.

நேற்று வியாழன், என் முறை. மழை நாலு மணிக்கே பெய்து ஓய்ந்துவிட்டதால் புல் வழுக்கியது. ஏழு மணிக்கு அவள் வேலையிலிருந்து நேராகத் திடலுக்கே வந்தாள், கைப்பையோடு, காலில் வேலைக் காலணியோடு. ஈரப் பெஞ்சில் என் துண்டை விரித்து உட்கார வைத்தேன். பிளாஸ்கில் கொஞ்சம் தேத்தண்ணி மிச்சம் இருந்தது. சின்னவன் எங்கிருந்தோ ஓடி வந்து அவள் மடியில் சேற்றுக் கையை ஊன்றி, “அம்மா, நான் ரெண்டு கோல்” என்றான். பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டான். சுராவிலிருந்து மஃரிப் அழைப்பு கேட்டது. வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கிளம்பினார்கள், மற்றவர்கள் காலணியைத் தேடினார்கள். அவள் பாவாடையிலிருந்த சேற்றைத் தட்டவில்லை. பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, “நாளைக்கு யாரு முறைக்கா?” என்று கேட்டாள்.